நெற்றியில் இரண்டு சுழி

ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு வருமா வராதா என்பதைப் பிறந்த அன்றைக்கே சொல்லிவிடலாம். கொம்பு முளைக்கப்போகிற குட்டிக்கு, அது வரும் இரண்டு இடத்திலும் ரோமம் சுழித்திருக்கும். மொட்டையாகவே வளரப்போகிற குட்டிக்கு அந்த இரட்டைச் சுழி இருக்காது. கன்னிவாடியில் ஒரு வேப்பமரத்தடியில் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, பிறந்து நான்கு நாளான குட்டியின் தலைமேல் வைத்து, "தடவிப் பாருங்க தம்பி, இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு" என்றபோதுதான் எனக்கு இது தெரிந்தது. நான் அந்த ஊருக்குப் போனதென்னவோ ஒரு மென்பொருள் வேலை செய்வதைப் பார்க்க.

ஆவணி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. திண்டுக்கல்லில் பேருந்து ஏறி, ஒட்டன்சத்திரம் சாலையில் ரெட்டியார்சத்திரம் வரை வந்து, அங்கிருந்து கன்னிவாடிக்குத் திரும்பினோம். வழியில் கோபிநாத சுவாமி கோயில் குன்று. ஆடுமாடு வைத்திருப்பவர்கள் அவை நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும் கோயில் அது. இரு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி, இடையிடையே முருங்கை. ஊர் நெருங்க நெருங்கப் பழனி மலையின் கீழ்த்தொடர் கண்ணை நிறைத்தது. கன்னிவாடி என்றதும் ஆட்டுச் சந்தையா என்று கேட்பவர்கள் உண்டு. அது திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு கன்னிவாடி. கன்னி ஆடு என்ற இனமும் இந்த ஊருடையதில்லை, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டு ஆடு. இந்தக் கன்னிவாடியில் ஆடு என்பது பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைகொடுக்கிற, நாலு காலில் நடமாடுகிற கையிருப்பு.

என்னை அழைத்துப் போன நண்பர் தர்க்க நிரல் எழுதுகிறவர். சொந்த ஊர் இந்தப் பக்கந்தான். மரபணு ஆய்வில் தானியங்கித் தர்க்கக் கருவிகள் என்னதான் செய்கின்றன என்று நான் பல நாளாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினார், படித்தேன், பாதி புரிந்தது. கடைசியில், "எங்க பெரியம்மா வீட்டுக்கு வாங்க. ஆட்டைக் கையால தொட்டுப் பாத்தா புரியும்" என்றார்.

பெரியம்மாவிடம் இப்போது இருப்பது பதினொரு ஆடு. ஆனால் பேரன் எழுதி வைத்திருக்கும் நோட்டில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. விற்றது, செத்தது, கோயிலுக்கு விட்டது எல்லாம் சேர்த்து நான்கு தலைமுறை. திண்டுக்கல்லில் டிப்ளமோ படிக்கிற அந்தப் பையன் கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் ஆரம்பித்த வேலையாம். பெயர், நிறம், கொம்பு உண்டா, தாய், தகப்பன், எத்தனையாவது ஈத்து. அப்பத்தா சொல்லச் சொல்லப் பேரன் எழுதியது. சுட்டி, கருவாச்சி, மொட்டச்சி, செவலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நோட்டைப் புரட்டிக்கொண்டே நண்பர் மடிக்கணினியில் தட்டெழுதத் தொடங்கினார்.

அவர் திறந்திருந்த மென்பொருளின் பெயர் கிளிங்கோ. ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு வகைத் தீனி. ஒன்று, தகவல்: சுட்டிக்குக் கொம்பு உண்டு, இந்தக் குட்டியின் தாய் சுட்டி. மற்றொன்று, விதி: ஒவ்வொரு ஆட்டுக்கும் கொம்பு பற்றிய மரபணுவின் படி இரண்டு உண்டு, ஒன்று தாயிடமிருந்து வந்தது, ஒன்று தகப்பனிடமிருந்து. இந்த இரண்டையும் கொடுத்தால், எல்லாம் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடிய நிலைகள் என்னென்ன என்று அது பட்டியல் போடும். அப்படி ஒரு நிலையே இல்லையென்றால், இல்லை என்று சொல்லும். எல்லா நிலைகளிலும் மாறாமல் வருவது எதுவோ அது உறுதி. சிலவற்றில் மட்டும் வருவது வாய்ப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தக் கருவி மழுப்புவதே கிடையாது. அதுதான் என்னை அதன் பக்கம் இழுத்தது.

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று அனுமானிப்பதற்கும் முறை வைத்திருந்தவர்கள் நம்மவர்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம் (நிறுவவேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்து, அனுமானம் எங்கே நிற்கும், எங்கே சறுக்கும் என்பதை விரிவாகச் சொல்கிறார். காப்பியத்துக்குள் இத்தனை நுணுக்கமான தர்க்கம் எதற்கு என்று மாணவனாக இருந்தபோது சலித்துக்கொண்டு புரட்டிய பக்கங்கள் அவை. அன்று முழுக்க அவை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

விதியை நண்பர் எழுதிய விதத்தைச் சொல்லவேண்டும். ஆட்டில் கொம்பில்லாமை ஓங்கிய பண்பு. ஒரு படி மொட்டையாக இருந்தாலே போதும், தலையில் கொம்பு முளைக்காது. ஆகவே கொம்புள்ள ஆடு என்றால் அதன் இரண்டு படியும் கொம்புதான். சோதனைச்சாலை வேண்டாம், தலையைப் பார்த்தே மரபணுவைச் சொல்லிவிடலாம். மொட்டை ஆடு அப்படியில்லை. இரண்டும் மொட்டையாக இருக்கலாம், ஒன்று மொட்டையும் ஒன்று கொம்புமாக இருக்கலாம். வெளியில் வித்தியாசம் தெரியாது. இதிலிருந்து வருகிற முடிவு ஒன்று: கொம்புள்ள கிடாவும் கொம்புள்ள பெட்டையும் சேர்ந்தால் மொட்டைக் குட்டி பிறக்கவே முடியாது.

பெரியம்மா இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் பிடித்துக்கொண்டார். காரணம், அவர் இளவயதில் பல வருஷம் பருத்தி கிராஸிங் வேலைக்குப் போனவர். ரெட்டியார்சத்திரம் வட்டாரம் ஒட்டுரகப் பருத்தி விதைக்குப் பேர்பெற்றது. விதை உற்பத்தி செய்கிற விவசாயிகள் சங்கமாகத் திரண்ட ஊர்கள் இவை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கன்னிவாடியை மையமாக வைத்து இந்த விவசாயிகளோடு நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. சாயங்காலம் தாய்ச் செடியின் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் தகப்பன் செடியின் பூவைக் கொண்டுவந்து அதன் சூல்முடியில் தடவ வேண்டும். ஒரு பூ தவறினாலும் விதை கலப்படம். "ஆம்பளச் செடி வரிசை தனி, பொம்பளச் செடி வரிசை தனி. மாத்தித் தொட்டா மேஸ்திரி கூலியப் புடிச்சிருவாரு" என்றார். இந்தியாவின் முதல் வணிக ஒட்டுரகப் பருத்தியான எச்-4ஐ 1970இல் சூரத்தில் சி.டி. படேல் வெளியிட்ட பிறகு, இப்படி லட்சக்கணக்கான பெண்களின் விரல்நுனியில்தான் அந்தத் தொழில் வளர்ந்தது. மெண்டல் 1866இல் பட்டாணிச் செடியைப் பற்றி எழுதியதைப் படிக்காமலே, அவர் செய்த வேலையைக் கையால் செய்தவர் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

முதல் இருபது ஆட்டை ஏற்றியதும் நண்பர் இயக்கினார். திரையில் ஒரே வரி. பொருந்தும் நிலை எதுவும் இல்லை.

பேரன் பதறிப்போனான். "நான் எழுதுனது தப்பாண்ணே?"

தப்பு எங்கே என்று தேட இந்தக் கருவியில் ஒரு வழி இருக்கிறது. தகவல்கள் ஒவ்வொன்றையும் கழற்றி வைக்கக்கூடியதாக மாற்றிவிட்டு, மிகக் குறைவாக எதைக் கழற்றினால் மற்றவை எல்லாம் பொருந்தும் என்று கேட்பது. கேட்டார். ஒன்றைக் கழற்றினால் போதும் என்றது. எந்த ஒன்று என்பதற்கு ஐந்து விடை கொடுத்தது. ஐந்தும் ஒரே குட்டியைச் சுற்றி வந்தன. ஒன்றரை வயதான மொட்டைப் பெட்டை அது. நோட்டின்படி தாய் சுட்டி, தகப்பன் பெரிய கெடா. சுட்டிக்குக் கொம்பு உண்டு, பெரிய கெடாவுக்கும் உண்டு. அப்படியானால் இந்தக் குட்டி மொட்டையாக இருக்க வழியில்லை. ஒன்று, இது மொட்டை என்பது தப்பு. அல்லது சுட்டிக்குக் கொம்பு என்பது தப்பு. அல்லது கெடாவுக்குக் கொம்பு என்பது தப்பு. அல்லது தாய் தப்பு. அல்லது தகப்பன் தப்பு.

முதல் மூன்றையும் எழுந்துபோய் முடித்துவிட்டோம். சுட்டியின் கொம்பைப் பிடித்துப் பார்த்தேன். பின்னால் வளைந்த, நுனி தேய்ந்த நல்ல கொம்பு. கெடா எங்களைப் பார்த்த பார்வையிலேயே கொம்பு நிச்சயமாகிவிட்டது. மொட்டைப் பெட்டையின் மண்டையை மூவரும் தடவினோம், ஒடிந்த அடையாளமோ சுட்ட தழும்போ இல்லை. மீதி இரண்டு.

எங்கள் எல்லோருக்கும் மனம் தகப்பன் பக்கமே போனது. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் வேறு கெடா ஏறியிருக்கும் என்றேன். பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "அந்த வருசம் எங்கிட்டும் விடல தம்பி. பூராவும் கட்டுத்தரைதான். மழ விடாம பேஞ்ச வருசம். எங்க கெடாவத் தவிர வேற கெடா இந்த வாசப்படிய மிதிக்கல." அவர் குரலில் இருந்தது கோபம்கூட இல்லை, வருத்தம். தன் பட்டியைப் பற்றி ஊர் தெரியாத ஒருவன் ஊகமாகப் பேசுகிறானே என்ற வருத்தம். நான் சொன்னதை அப்போதே திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

நண்பர் ஊகிக்கவில்லை. திரையில் இருந்ததை அப்படியே கேட்டார். "பெரியம்மா, இதுக்குத் தாய் சுட்டிதானா?"

"ஆமா. சுட்டி பாலு குடிச்சுத்தான வளந்துச்சு."

"சுட்டி வயித்துலயா பொறந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். அந்த மழை ராத்திரியில் ஒரே நேரத்தில் இரண்டு ஆடு ஈன்றிருக்கின்றன. சுட்டியின் குட்டி செத்துப் பிறந்தது. மொட்டச்சி குட்டி போட்ட கையோடு தானே செத்துப்போனது. தாயில்லாத குட்டியின் மேல் சுட்டியின் நஞ்சுக்கொடித் தண்ணீரைத் தடவி, ராத்திரி பூராவும் இரண்டையும் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். விடிந்ததும் சுட்டி குட்டியை நக்கத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து அது சுட்டியின் குட்டி. பேரன் "தாய் யாரு" என்று கேட்டபோது அவர் சொன்னதில் பொய்யோ மறதியோ இல்லை. பால் கொடுத்தவள்தானே தாய்.

நோட்டில் ஒரு சொல், நிரலில் அதே சொல். இரண்டும் வேறு வேறு பொருள். மரபணு ஆய்வில் இத்தகைய கருவிகள் கால் ஊன்றிய கதை முழுக்க இந்தச் சிக்கலைச் சுற்றியதுதான் என்பது எனக்கு அங்கே ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. 1998இல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்று உயிர்களின் மரபணுத் தரவுத்தளங்களை நடத்தியவர்கள் ஒன்றுகூடினார்கள். ஒரே வேலையைச் செய்யும் மரபணுவுக்கு ஈ ஆராய்ச்சியாளர் ஒரு பெயரும் எலி ஆராய்ச்சியாளர் வேறு பெயரும் வைத்திருந்தார்கள். சில இடங்களில் ஒரே பெயரில் வெவ்வேறு பொருள். அவர்கள் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி என்ற பொருளடைவு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே வரையறையைக் கட்டிக்கொடுத்தது. இது அதன் வகை, இது அதன் உறுப்பு என்ற உறவுகளையும் எழுதி வைத்தது. அதற்குப் பிறகுதான் கணினி அந்தச் சொற்களின் மேல் தர்க்கம் செய்து, யாரும் நேரடியாக எழுதாத முடிவுகளை எடுத்துத் தரவும், இந்த இரண்டு கூற்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று காட்டவும் முடிந்தது.

நண்பர் 'தாய்' என்ற ஒற்றை உறவை அழித்துவிட்டு, 'பெற்ற தாய்', 'பால் தாய்' என்று இரண்டாக்கினார். பேரன் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டான். மறுபடி இயக்கியதும் முரண் மறைந்துவிட்டது. மொட்டச்சி மொட்டை; அவள் குட்டி மொட்டை; கெடாவுக்குக் கொம்பு. எல்லா நிலைகளிலும் இந்தக் குட்டியின் படிகள் ஒன்று மொட்டை, ஒன்று கொம்பு. உறுதி.

அடுத்து வந்ததுதான் என்னை அசத்தியது. செத்துப்போன மொட்டச்சியின் மரபணு என்ன என்று கேட்டார். ஒன்று மொட்டை, ஒன்று கொம்பு, அதுவும் உறுதி என்றது. அவளை அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் வாங்கியது, பெற்றோர் யாரென்று தெரியாது, எலும்பும் மண்ணாகியிருக்கும். எப்படிச் சொல்ல முடிந்தது? நிரலில் இன்னொரு விதி இருந்தது. இரண்டு படியும் மொட்டையாக அமைந்த பெட்டைக் கரு பெட்டையாக வளராது. கெடாவும் இல்லாமல் பெட்டையும் இல்லாமல், சினை பிடிக்காத உடலாக வளரும். மொட்டச்சி குட்டி போட்டிருக்கிறாள். ஆகவே அவளுடைய இரண்டு படியும் மொட்டையாக இருக்க முடியாது.

மொட்டைக்கும் இந்த மலட்டுத்தனத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று ஆஸ்டெல் என்ற ஆய்வாளர் 1944லேயே எழுதினார். 2001இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் ஆட்டின் முதல் குரோமோசோமில் சுமார் 11,700 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டிருப்பதே காரணம் என்று கண்டார்கள். அந்தத் துண்டு போனதால் பக்கத்தில் உள்ள ஃபாக்ஸ் எல் 2 என்ற மரபணு பேசவேண்டிய இடத்தில் பேசாமல் போகிறது. சூலகம் உருவாக அதுதான் தேவை என்பது 2014இல் உறுதியானது. 2020இல் கதை இன்னும் விரிந்தது: துண்டு விடுபட்டதோடு, வேறிடத்திலிருந்து நீண்ட பகுதி ஒன்று தலைகீழாக வந்து அங்கே சொருகியிருக்கிறது. இந்த ஆய்வுகளில் முதன்மையானவை ஐரோப்பியக் கறவை ஆடுகளில் நடந்தவை. அதனால் நண்பர் இந்த விதியைத் தனி வரியாக எழுதி, கழற்றக்கூடியது என்று அடையாளம் போட்டு வைத்திருந்தார். அந்த வரியைக் கழற்றிவிட்டு இயக்கினால் மொட்டச்சியைப் பற்றிய உறுதி வாய்ப்பாக இறங்கிவிடுகிறது. எந்த முடிவு எந்த வரியின் மேல் நிற்கிறது என்று கையை வைத்துக் காட்ட முடிகிறது. அடுத்த சொல்லை ஊகித்து ஊகித்து நீளமாகப் பதில் எழுதித் தருகிற மென்பொருள்களுக்கு இன்று கிடைக்கிற மரியாதையில் கொஞ்சமாவது இதற்குக் கிடைக்கவேண்டும் என்பது என் கட்சி.

நாற்பது ஆட்டுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு ஆட்டுக்கும் மூன்று வாய்ப்பு: மொட்டை மொட்டை, மொட்டை கொம்பு, கொம்பு கொம்பு. ஐம்பது ஆடு என்றால் மொத்தச் சேர்க்கைகள் 24 இலக்க எண். இது ஒரே ஒரு பண்புக்கு. பண்புக்கு மூன்று வடிவம் வந்து (நம் ஏ, பி, ஓ ரத்த வகை போல), வம்சத்துக்குள்ளேயே சேர்க்கையும் நடந்திருந்தால், நோட்டு முரணில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பில் சேர்ந்துவிடுகிறது. 2004இல் லூக்கா அசேட்டோவும் கூட்டாளிகளும் இதை நிரூபித்தார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் வேகமான வழி இன்றுவரை யாரிடமும் இல்லாத வகுப்பு அது. ஆனாலும் நடைமுறையில் முடிகிறது. 1990களின் நடுவில் மார்க்கெஸ்-சில்வாவும் சக்காலாவும் காட்டிய உத்தி பெரிய உதவி: முரணில் முட்டிக்கொண்டால், எந்தெந்தத் தேர்வுகள் சேர்ந்து இங்கே கொண்டுவந்து விட்டன என்று பார்த்து, அதையே ஒரு புதிய விதியாக எழுதி வைத்துக்கொள்வது. அந்தச் சேர்க்கை அடங்கிய கோடிக்கணக்கான வழிகள் ஒரே அடியில் அடைபட்டுப்போகும். துலூஸ் நகரில் பிரான்ஸின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுதிய மெண்டல்சாஃப்ட் என்ற கருவி, ஆயிரக்கணக்கான செம்மறிகள் கொண்ட வம்சாவளிகளில் பிழையைத் தேடித் திருத்தமும் சொல்கிறது. நாங்கள் வேப்பமரத்தடியில் செய்ததன் பெரிய அண்ணன்.

நம் நாட்டிலும் இதன் தேவை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் செம்மறி இரண்டு, மூன்று குட்டி போடும். 1792, 1793இல் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய அந்த ஆடுகள் வழியாகத்தான் அங்கே பூரூலா மெரினோவுக்கு அந்தக் குணம் போனது. காரணமான மரபணு மாற்றம் 2001இல் கண்டறியப்பட்டது. மகாராஷ்டிரத்தில் ஃபல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைத் தக்காணி ஆடுகளுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து, மேய்ப்பர்களின் மந்தைகளில் சேர்த்தார்கள். ஒரு படி வந்தாலே இரட்டைக் குட்டி கூடும். இரண்டு படியும் உள்ள தாய்க்கு அந்தப் படியே இல்லாத குட்டி என்று ஏட்டில் இருந்தால், ஏட்டில் எங்கோ தவறு. யார் மேலும் பழி போடாமல் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் பழைய கதைகளைச் சொன்னார். 1970களின் பிற்பாதியில் ஸ்டான்ஃபோர்டில் மோல்ஜென் என்ற நிரல் மரபணுவை நகலெடுக்கும் சோதனைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தது. 2009இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் ராஸ் கிங் குழுவினரின் ஆடம் என்ற இயந்திரம், ஈஸ்டில் எந்த மரபணுவுடையது என்று தெரியாதிருந்த நொதிகளை எடுத்துக்கொண்டு 20 கருதுகோள்களைத் தானே வகுத்து, தானே சோதித்து, 12ஐ உறுதி செய்தது. ஆடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 2014இல் கேம்பிரிட்ஜில் நடந்தது. எலிக் கருவின் தண்டுச் செல் எப்படித் தன் நிலையைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரே ஒரு வரைபடம் போடாமல், சோதனை முடிவுகளுக்கு ஒத்துவரும் எல்லா வரைபடங்களையும் ஒரு தர்க்கக் கருவியிடம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும் இடத்தில் மட்டும் கணிப்பு. அவற்றில் மிக எளியது 12 உறுப்புகளும் 16 உறவுகளும் கொண்டது. மொட்டச்சியின் மரபணுவைச் சொன்ன அதே முறைதான் இது.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வீட்டு நினைவு வந்தது. என் அக்கா மகளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மரபணுச் சோதனை செய்தார்கள். எந்த இடம் என்பது வேண்டாம். பதினைந்து நாள் கழித்து வந்த தாளில் ஒரு வரி: பொருள் உறுதிப்படாத மாற்றம். அக்கா அந்தத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு யார் யாரிடமோ கேட்டாள். யாரும் விளக்கவில்லை. அந்த வரிக்குப் பின்னால் முறை இருக்கிறது. அமெரிக்க மருத்துவ மரபியல் கழகத்தார் 2015இல் வகுத்த 28 அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, ஐந்து வகுப்பில் ஒன்றில் போடுகிறார்கள். இதை விதிகளாக எழுதிக் கணினியே செய்கிற இன்டர்வார் போன்ற கருவிகள் 2017 முதல் இருக்கின்றன. எந்த அளவுகோல் பொருந்தியது, எது பொருந்தவில்லை, பெற்றோர் ரத்தத்தையும் சோதித்தால் எது மாறும் என்பதைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம். அந்தப் பெண் பிள்ளையின் அம்மாவுக்கு அது போய்ச் சேரவில்லை. கன்னிவாடியில் ஒரு ஆட்டுக்குக் கிடைத்த விளக்கம் அவளுக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் பெரியம்மா தன் கேள்வியைக் கேட்டார். ஒன்றரை வயது மொட்டைப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது. மேலத் தெருவில் தலைச்சேரிக் கலப்பில் நல்ல உயரமான மொட்டைக் கெடா ஒன்று இருக்கிறது. முட்டாது, மோதாது, பிள்ளைகள் பக்கத்தில் போனாலும் பயமில்லை. அதற்கு விடலாமா?

நண்பர் அந்தக் கெடாவையும் சேர்த்து எழுதினார். பெட்டையின் படிகள் ஒன்று மொட்டை, ஒன்று கொம்பு. கெடா எந்த வகை என்று தெரியாது. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தார். கெடாவும் ஒன்று மொட்டை, ஒன்று கொம்பு என்றால், நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு படியும் மொட்டை. அதில் பாதி பெட்டைக் கரு. ஆக எட்டுக்கு ஒன்று மலடு. கெடாவின் இரண்டு படியும் மொட்டை என்றால் நாலுக்கு ஒன்று. கொம்புக் கெடா என்றால் ஒன்றுகூட இல்லை. இது அந்த விதி இந்த ஆட்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு சொல்வது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, மேட்டுத் தெருவில் தன் தங்கச்சி வீட்டில் அப்படி ஒரு குட்டி பிறந்ததைச் சொன்னார். கறிக்குப் போட்டார்களாம். அதன் தாய் மொட்டை. தகப்பனும் மொட்டை என்று பேரன் சொன்னான். இல்லை, கொஞ்சம் குத்துக்கொம்பு இருந்தது என்றார் அப்பத்தா. இருவருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. நண்பர் இரண்டையும் தனித்தனி வாய்ப்பாக எழுதிக்கொண்டு, தங்கச்சியிடமே கேட்டுவிடுவோம் என்றார். கேட்டு வரப் பேரன் சைக்கிளை எடுத்தான்.

அவன் திரும்பி வரும்வரை நாங்கள் டீ குடித்தோம். தங்கச்சி வீட்டில் ஆளில்லை, பூப்பறிக்கப் போயிருக்கிறார்கள் என்ற தகவலோடு வந்தான். அந்த இடம் நிரலில் திறந்தபடியே இருக்கிறது.

கிளம்பும்போது பெரியம்மா முடிவு சொல்லிவிட்டார். பெரிய கெடா தகப்பனாகிவிட்டதால் அதற்கு விடமுடியாது. பக்கத்து வீட்டுச் செவலைக் கெடாவுக்கு விடப்போகிறார், அதற்குக் கொம்பு உண்டு. ஆட்டுக்கு ஐந்து மாதம். பொங்கலை ஒட்டிக் குட்டி விழும். சரிபாதி மொட்டை, சரிபாதி கொம்பு என்பதுதான் கணக்கு. ஒரே குட்டி போட்டால் எதுவாகவும் இருக்கலாம் என்று நண்பர் சொல்லத் தொடங்கினார். பெரியம்மா கையமர்த்தினார்.

"நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போங்க. விழுந்த ஒடனே நெத்தியத் தடவிப் பாத்து, சுழி இருக்கா இல்லையான்னு போன் போட்டுச் சொல்றேன். நீங்க அதுல ஏத்திக்கங்க."

பேரன் நோட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினான். என் எண்ணையும் எழுதினேன்.